பெருவிரல் மார்க்

“பட்டப்பகல்ல, நடுச்சந்தையில, என் மார்க்கைப் போட்டு விக்கா பாத்தீகளா! என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்!”

ஐயம்பெருமாள் முதலாளி போட்ட சத்தத்தில் பாளையங்கோட்டைச் சந்தையே கூடிவிட்டது. பக்கத்தில் ஏட்டு கிருபைராஜ் நின்றார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார் முதலாளி.

எதிரே இசக்கியம்மா தன் ஓலைக் கடகத்தை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடகம் நிறையக் கருப்பட்டி. ஒவ்வொன்றின் மேலும் பெருவிரல் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

முதலாளி மடியிலிருந்து ஒரு லேபிளை எடுத்து விரித்தார். கொழும்புக்குப் போகிற அவருடைய கருப்பட்டிப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள். நடுவில் ஒரு பெருவிரல் ரேகை, அதன் குறுக்கே அதே சாய்வுக் கோடு. கீழே கொட்டை எழுத்தில், ‘போலிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். குறுக்குக் கோட்டைக் கவனித்து வாங்கவும்.’

“ரிஜிஸ்தர் ஆபீசுல பதிஞ்சு, பத்திரிகையிலயும் போட்டாச்சு ஏட்டையா. இது யாரு விரலுன்னு நெனைக்கீக? என் தாயார் விரலாக்கும்! அவுக கண்ண மூடுததுக்கு முன்ன மை தடவி எடுத்து வச்சது.”

சொல்லும்போதே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

“செத்த தாயி விரலையா களவாண்டா? இவ வெளங்குவாளா?” என்றாள் ஒரு கீரைக்காரி.

ஏட்டு லத்தியால் கடகத்தைத் தட்டினார்.

“ஏளா, அச்சை எங்க வச்சிருக்க? எடு வெளிய.”

“அச்சா? என்ன அச்சு ஐயா?”

“பின்ன இந்தக் குழி தானா விழுந்துச்சோ?”

“பதம் பாக்க அமுக்குதது ஐயா. பதனியைக் காய்ச்சிச் சிரட்டையில ஊத்துனா, இறுகிட்டுதான்னு ஒவ்வொண்ணா அமுக்கிப் பாப்பேன். எங்க ஆத்தாவும் அப்படித்தான் பாப்பா. குழி நின்னா நல்ல பதம். சனங்க குழியப் பாத்துத்தான் வாங்குதாவ.”

“குழி சரி. கோடு?”

“கோடா?” இசக்கியம்மா ஒரு கருப்பட்டியை எடுத்து, புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “அது எப்பமும் விழுகதுதான ஐயா...”

“கேட்டீகளா கதைய!” என்று முதலாளி அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “எங்கயோ அச்சை ஒளிச்சு வச்சிருக்கா. நல்லாத் தேடும் ஏட்டையா!”

ஏட்டு கடகத்தைக் கவிழ்த்தார். கருப்பட்டிகள் புழுதியில் உருண்டன. நாலைந்து உடைந்தன. அச்சு அகப்படவில்லை.

“போன வருசம் வரைக்கும் மொதலாளி கடைக்குத்தான் ஐயா போட்டேன்,” இசக்கியம்மா உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். “நிறுவையில ஏமாத்துதாருன்னுதான் நானே சந்தைக்குக் கொண்டாந்தேன். எங்க வீட்டு ஆளு பனையில இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்காரு. கொழுந்தன் மரம் ஏறுதான், நான் காய்ச்சுதேன். குழி இல்லாத கருப்பட்டியை யாரு ஐயா வாங்குவா?”

“அப்பம் பழையபடி என் கடைக்கே கொண்டாந்து போடு. வேண்டாம்னா சொன்னேன்?” முதலாளியின் குரல் இளகியது. “ஏட்டையா, பாவம், ஏழைப் பொம்பள. ஜெயிலு கியிலுன்னு போக வேண்டாம். இனிமே இந்தக் குழியப் போட்டு விக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும்.”

என்ன மனசு, என்ன மனசு என்று கூட்டம் வியந்தது. தாராள மனசுக்காரர் காகிதத்தை வீட்டிலேயே எழுதி எடுத்து வந்திருந்தார்.

ஏட்டு அதை வாசித்துக் காட்டினார்.

“கையெழுத்துப் போடத் தெரியுமா?”

“தெரியாது ஐயா.”

“அப்பம் பெருவிரலை வை.”

ஏட்டு மை தடவினார். இசக்கியம்மா பதம் பார்க்கிற பழக்கத்தில் காகிதத்தின் மேல் விரலை அழுத்தமாக ஊன்றி எடுத்தாள்.

காகிதத்தை மடிக்கப் போன ஏட்டு அப்படியே நின்றுவிட்டார். லேபிளை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே ரேகை. அதே சாய்வுக் கோடு.

சட்டென்று அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். பெருவிரலின் குறுக்கே ஒரு பழைய தழும்பு.

“இது ஏது?”

“சின்னப்பிள்ளையில பாளை அருவா கிழிச்சது ஐயா.”

கீரைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏட்டு மெதுவாகத் திரும்பினார்.

“மொதலாளி... உங்க தாயார் விரலுன்னு சொன்னீக?”

முதலாளி பதறவில்லை. ஏட்டின் கையிலிருந்த காகிதத்தை உருவி, மை காய ஊதி, நாலாக மடித்து மடியில் செருகினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“நான் அப்பமே சொல்லலையா? இந்தா, அச்சைக் கையிலேயே வச்சிருக்கா பாருங்க!”