காக்கை மகளின் நுழைவுத் தேர்வு

குழலி என்ற குயில் ஒரு காக்கையின் கூட்டில் வளர்ந்தவள். ஆங்கில மொழியியலில் மேல்படிப்பு படிக்க நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அம்மா காக்கைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் புத்தகத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீ ஒப்பி, நான் பார்க்கிறேன்" என்பாள்.

குழலி ஒப்பிப்பாள். நடுவில், "இது தப்பு, மறுபடி சொல்லு" என்பாள் காக்கை. உண்மையிலேயே தப்பாக இருக்கும்.

"உனக்கு எப்படிம்மா தெரியுது?"

"தெரியாததைச் சொல்றப்போ உன் வால் ஆடுதே!"

தேர்வு நாளன்று மண்டபத்து மரமெங்கும் குயில்கள். காக்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ போம்மா. நான் அந்தக் கோடி மரத்துல இருக்கேன். என்னைப் பார்த்தா உன் சிநேகிதிங்க சிரிப்பாங்க."

குழலி தயங்கியபடியே உள்ளே போனாள். 'குழந்தை முதல் மொழியை எப்படிக் கற்கிறது?' என்பது கடைசிக் கேள்வி. படித்த கொள்கைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தன் அரைகுறைக் கத்தலுக்கெல்லாம் முழுப் பேச்சுக்குச் சொல்வதுபோல் பதில் சொன்ன ஒருத்தியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாள்.

மணி அடித்தது. வெளியே வந்த குயில்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "எப்படி எழுதினே?" என்று கேட்டார்கள். குழலி அவர்களுக்கு நடுவே கழுத்தை நிமிர்த்தி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"கா! கா!"

கோடி மரத்திலிருந்து பதில் வந்தது.