குழைவா இன்னொரு பிடி!

"மாஸ்டர், இன்னொரு பிடி நூடுல்ஸ்! நல்லா குழையட்டும்!"

கடைக்கோடி இருக்கையில் இருந்த குண்டு மனிதர் குரல் கொடுத்ததும், பின்னால் நின்ற வரிசை மொத்தமும் உச்சுக் கொட்டியது.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஒரு சந்துக்குள், சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மதிய வேளையில், சாப்பிடுகிறவர்களின் முதுகை உரசிக்கொண்டுதான் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சாப்பிட்டோமா, எழுந்தோமா என்று இருப்பதுதான் அங்கே மரியாதை.

வரிசையில் முதலில் நின்றவர் எகுச்சி. மருந்துக் கம்பெனி விற்பனையாளர். ஒரு மணிக்கு மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"மிச்ச சூப்புல போட்டுக்க இன்னொரு பிடி கேக்கறது சரி. அதுக்குன்னு இத்தனை தடவையா? அது வயிறா, அண்டாவா?" என்றார் பின்னால் நின்றவரிடம், குண்டு மனிதர் காதில் விழும்படியாகவே. "அதுவும் குழைய வேணுமாம்! விறைப்பா கேட்டா வெந்நீர்ல ஒரு தடவை காட்டி எடுத்துப் போட்டுடுவாங்க, குழையணும்னா எவ்வளவு நேரமாகும்! இந்த ஊர்க்காரன் எவனாவது குழைய வெச்சுத் தின்பானா?"

குண்டு மனிதர் திரும்பி இளித்தார். "பசிங்க!"

அவருக்குப் பக்கத்தில் கவாசோயே என்ற பெண்மணி. பக்கவாதம் வந்ததில் வலது கை விளங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வெளியில் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு யாரும் ஊட்டிவிடாம, நானே ஒரு கிண்ணத்தை முடிச்சுக் காட்டுறேன் மாஸ்டர்" என்று உட்காரும்போதே சொல்லியிருந்தார். எகுச்சியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

இடது கையில் பிடித்த குச்சிகளிலிருந்து நூடுல்ஸ் நழுவி நழுவி விழுந்தது.

எகுச்சி கடிகாரத்தைப் பார்த்தார். ஷூவால் தரையைத் தட்டினார். பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

கவாசோயே திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. குச்சிகளை வைத்துவிட்டுக் கைப்பையைத் தேடினார்.

"மாஸ்டர், இங்கே இன்னொரு பிடி! குழைவா!" என்று கத்தினார் குண்டு மனிதர்.

"மறுபடியுமா?" என்று வரிசையில் ஒருவர் அலுத்துக்கொண்டார்.

எகுச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? பக்கத்துல உடம்பு முடியாத அம்மா ஒருத்தங்க சாப்பிடுறாங்க. நீங்க போடுற கூச்சல்ல அவங்க நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியுதா?"

"வாஸ்தவம்தாங்க. மன்னிச்சுக்குங்க!" என்று தலையைக் குனிந்தவர், கடையே அதிரும்படி உறிஞ்சினார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"மன்னிப்பு கேக்கறாராம். எழுந்திருக்கறாரா பாரு!"

வரிசை முழுக்க அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தது. கவாசோயே மெதுவாகக் குச்சிகளை மறுபடி எடுத்தார்.

ஒருவழியாகக் கடைசிச் சொட்டு சூப்பையும் குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை மாஸ்டர் பக்கம் சாய்த்துக் காட்டினார். "முடிச்சுட்டேன்!" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் தலைவணங்கி, மாஸ்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

காலியான இடத்தில் எகுச்சி பாய்ந்து உட்கார்ந்தார்.

கதவு மூடியதுதான் தாமதம், குண்டு மனிதர் குச்சிகளைக் கீழே போட்டார். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"என்ன சார், அதுக்குள்ள பசி ஆறிடுச்சா?" என்றார் எகுச்சி.

மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரும் செரிமான மாத்திரையும் கொண்டுவந்து குண்டு மனிதர் முன்னால் வைத்தார்.

"ஒரு கிண்ணத்துக்கே திணறுற ஆளுய்யா நீ, குரோகி. எல்லாரும் உன்னையே முறைச்சதுல அந்த அம்மாவை விரட்ட ஒருத்தருக்கும் நேரமில்ல."

குச்சிகளை எடுக்க நீண்ட எகுச்சியின் கை அப்படியே நின்றது.

"ஆனா ஒரு சிக்கல்" என்றார் மாஸ்டர். "நாளைக்கும் வர்றேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

குரோகி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்குமா? சரி விடுங்க மாஸ்டர், காலையிலேருந்தே பட்டினி கிடந்துட்டு வந்துடறேன்."