தட்டு தெரியும் கார்டுகள்

மாஸ்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

நாக்கில் சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய நாக்கையும் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, அடிப்பிடித்த வாசனை எல்லாம் இப்போது அவருக்கு ஒன்றுதான். பெரிய உணவகம் ஒன்றின் தலைமைச் சமையல்காரருக்கு இப்படி ஆகிவிட்டது என்று வெளியே தெரிந்தால் வேலை அன்றைக்கே காலி. அதனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட.

வீட்டில் எதைக் கொடுத்தாலும் பிரமாதம் என்றுவிடுவார். வேலையில், பாத்திரம் கழுவும் அம்மாளைக் கூப்பிட்டு ஒரு கரண்டி சூப்பை நீட்டி, என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். மாஸ்டர் தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மாளும் கண்ணை மூடி ருசி பார்த்து, பெருமையாகச் சொல்லும்.

அந்த அம்மாள் லீவு போட்டால்தான் வம்பு. போன வாரம் அப்படித்தான் இரண்டு தட்டுகள் திரும்பி வந்தன.

இன்றைக்கு அவருக்கு விடுமுறை. மேசை முழுக்கப் பழைய அஞ்சலட்டைகள். எந்தக் காலத்திலோ ஊர் சுற்றப் போனவர்கள் வீட்டுக்கு வாங்கி அனுப்பிய படக் கார்டுகள்.

பழைய சாமான் கடையில் மற்றவர்கள் மலையையும் கடலையும் தேடுவார்கள். மாஸ்டருக்குத் தட்டு தெரிய வேண்டும். கப்பலின் சாப்பாட்டுக் கூடம், ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலை, கடற்கரைக் குடைக்குக் கீழே கரண்டியும் கையுமாகச் சிரிக்கும் குடும்பம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அந்தத் தட்டில் கிடக்கும் மீனுக்கு என்ன மாவு தடவியிருப்பார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார்.

இப்போதும் கண்ணாடி கையில் இருந்தது. வாய் ஊறும் என்று அந்த மீனையே ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊறவில்லை. வருத்தமும் வரவில்லை. வருத்தம் வராததுதான் கொஞ்சம் உறுத்தியது.

டி.வி.யில் ஏதோ பழைய படம். கதாநாயகி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். கதாநாயகன் ஒரு வாய் எடுத்தான். எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து கையைக் கழுவிவிட்டான்.

சினிமாவில் ஒருத்தரும் சாப்பிட்டு முடித்ததே இல்லை என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார். தட்டை வைத்தாலே சண்டை வந்துவிடும் என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்லுவாள். இன்றைக்குச் சொல்லவில்லை.

அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. மாஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காபி தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

உணவகத்தின் முதலாளி. சமையல்காரனுக்குச் சம்பளம் கைக்கு இல்லை, நாக்குக்குத்தான் என்று வாய்க்கு வாய் சொல்கிறவர். ஒரு நாளும் வீடு தேடி வராத மனிதர்.

"இந்தப் பக்கமா வந்தேன் மாஸ்டர். சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போலாம்னு..."

சும்மா வந்த முகமாக அது இல்லை.

சோபா முழுக்க ஆல்பங்கள் கிடந்ததால், அவள் நாற்காலி எடுத்துவர உள்ளே ஓடினாள். அதற்குள் மாஸ்டர் கெட்டிலில் மிச்சம் இருந்த காபியை ஒரு கப்பில் ஊற்றி முதலாளியிடம் நீட்டினார். திரும்பி வந்த தட்டுகளைப் பற்றிப் பேச்சு வருவதற்குள் உபசாரத்தையாவது முடித்துவிடலாம் என்று நினைத்தார்.

முதலாளி மேசையின் மேல் குனிந்து கார்டுகளைப் பார்த்தபடியே கப்பை வாய்க்குக் கொண்டு போனார்.

நாற்காலியோடு வந்தவள் அதைப் பார்த்தாள்.

நாற்காலியின் கால் முதலாளியின் முழங்கையில் இடித்தது. நல்ல இடி. காபி மொத்தமும் மேசையில் கொட்டியது. கப்பல், ரயில் நிலையம், குடை, குடும்பம் எல்லாம் பழுப்புத் தண்ணீரில் மிதந்தன.

"ஐயையோ, பார்க்கலைங்க. இருங்க, வேற காபி போட்டுக் கொண்டு வர்றேன்."

தும்மல் வந்தால்கூடக் கார்டுகள் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இன்றைக்கு ஒரு கார்டைக்கூடத் தூக்கிவிடாமல், கப்புகளையும் கெட்டிலையும் வாரிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதலாளி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் ஒற்றினார். மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ வருடச் சேகரிப்பு. நெஞ்சு அடைக்க வேண்டிய இடம்தான். அடைக்கவில்லை. துணி எடுத்துவரச் சமையலறைக்குப் போனார்.

அங்கே அலமாரிக்குக் கீழே முக்காலி போட்டிருந்தது. மேல் தட்டில் இருக்க வேண்டிய உப்பு டப்பா கீழே இறங்கி, கெட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டியோடு திறந்து கிடந்தது.

அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உப்புக்கு அந்த உயரம்தான். முக்காலி போட்டு ஏறாமல் எட்டாது. சர்க்கரை எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றை நினைத்து இன்னொன்றை எடுத்துவிட வழியே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புதுக் காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல், இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். துளி எடுத்து ருசி பார்த்தாள். காபித் தட்டை அவர் கையில் கொடுத்து, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"சர்க்கரை தூக்கலா இருக்கு. அவர் வாயில வைக்கிறதுக்கு முந்தி ஒரு வாய் குடிச்சுட்டு நீங்களே சொல்லிருங்க."