மூன்றாவது கேள்வி

மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது தவறி விழுந்து, தலையில் அடிபட்டிருந்தான் இன்பராஜ். நர்ஸ் கிறிஸ்டினா பதினெட்டு நாளாகத் தினமும் காலையில் அவனிடம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டுவந்தாள். அன்றும் கேட்டாள்.

"உங்க பேர் சொல்லுங்க."

"இன்பராஜ்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வேலூர்ல, ஆஸ்பத்திரியில."

"நான் யாரு?"

அவன் அவளுடைய வெள்ளை உடுப்பைப் பார்த்துச் சிரித்தான். "நர்சு."

கிறிஸ்டினா அவனுடைய தாளில் முதல் இரண்டுக்கும் 'சரி' என்று எழுதினாள். மூன்றாவதற்குத் 'தவறு' என்று எழுதியதை, பக்கத்துக் கட்டிலில் மகனைப் பார்த்துக்கொண்டிருந்த மீனாம்பாள் கவனித்துவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், மூணும் கரெக்டாத்தானே சொன்னாரு? எதுக்குத் தப்புன்னு போட்டீங்க?"

கிறிஸ்டினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவரு என் வீட்டுக்காரரும்மா. கல்யாணமாகி பதினோரு வருஷம் ஆவுது. சொன்னா ரொம்பக் கலங்கிப்போறாரு. தானா ஞாபகம் வரட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மீனாம்பாள் எழுந்து தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

கிறிஸ்டினா இன்பராஜின் தலையைத் தாங்கிப் பிடித்து மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கிவிட்டு அவன் பரிவோடு கேட்டான்.

"முகம் வாடியிருக்கே சிஸ்டர். வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"ஒருத்தருக்குத்தான் உடம்பு சரியில்ல," என்றாள். "சீக்கிரம் சரியாயிடும்."