பல் உடைந்த கத்தரி

"இது உங்க கத்தரி வெட்டுன வெட்டு, பெர்னீஸ். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

டார்லீன் நீட்டிய தாள் பெர்னீஸின் மூக்கை உரசியது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காகத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கோஸ் சாலட் எடுக்கும் சாக்கில் நான் இரண்டு மேசை முன்னால் நகர்ந்தேன். எதிர்வீட்டு டார்லீன் சண்டை போடும்போது தூரத்தில் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை.

தாளில் இருந்தது மே மாதம் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்த படத்தின் நகல். டார்லீனின் ஒரே மகள் டெஸ்ஸாவும், போர்வை தைக்கும் சங்கத்துத் தலைவி பெர்னீஸும் கதவளவு அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பன்னிரண்டு பெண்கள் குளிர்காலம் முழுக்க ஒரு போர்வை தைத்து, அதைக் குலுக்கலில் விட்டுச் சேர்த்த இரண்டாயிரம் டாலர். டெஸ்ஸாவின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை.

வேறு இடத்திலிருந்து பணம் வந்தால் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது கல்லூரியின் விதி. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் டார்லீன் வாயைத் திறக்கவில்லை.

யாரோ அந்தப் படத்தை வெட்டிக் கல்லூரிக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். கல்லூரி வாழ்த்துச் சொல்லி, வசதியில்லாத பிள்ளை என்று தான் கொடுப்பதாக இருந்த இலவசத் தொகையில் சரியாக இரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டது. அந்தக் கடிதத்தோடு வந்ததுதான் இந்த நகல்.

"கடன் வாங்காம இருக்கத்தான் அந்த ரெண்டாயிரம். இப்ப கடன் அப்படியே நிக்குது, இவ கடன் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்குறா. படிக்காம சீஸ் ஆலைக்கு வேலைக்குப் போறாளாம்."

டெஸ்ஸா தலை நிமிராமல் மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அப்பனின் கடனுக்காக வங்கிக்காரர்கள் டிராக்டரை ஏற்றிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்த பிள்ளை. கையெழுத்துக்கு அடுத்த வெள்ளிதான் கடைசி நாள்.

பெர்னீஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டிய நெளிநெளி ஓரம். பதினொரு நெளிவுக்கு ஒரு நெளிவு இல்லை. ஜிக்ஜாக் கத்தரி எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. வான்கோழிக் காலை வெட்டப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்ட கத்தரி ஒன்றுதான் உண்டு.

"கத்தரி என்னுதுதான். வெட்டுனது நான் இல்லைடி."

"அப்ப கத்தரி எங்க?"

பெர்னீஸ் எல்லாருக்கும் எல்லாவற்றையும் இரவல் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவள். "யார்கிட்டயோ குடுத்தேன்" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

யாரோ பெருமை தாங்காமல் அனுப்பியிருப்பார்கள், கெட்ட எண்ணம் இருக்காது என்றும் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் தையல் சட்டத்தோடு தேவாலய வேனில் ஏறினார்கள். வேனில் எனக்கு இடமில்லை. என் காரில் பின்னாலேயே போனேன்.

கல்லூரியின் உதவித்தொகை அலுவலக வாசலில் சட்டத்தை விரித்து, நாற்காலி போட்டு, தைக்க ஆரம்பித்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் ஓடி வந்தார்.

"இங்க உக்காரக் கூடாதும்மா."

"உனக்கு வழி விட்டுத்தானே தம்பி உக்காந்திருக்கோம். நாங்க குத்துப்பட்ட விரலெல்லாம் அந்தப் பொண்ணுக்கு, உன் கல்லூரிக்கு இல்ல. குறைக்கணும்னா கடன்ல குறைச்சுக்கோ, குடுக்குறதுல கைவைக்காத. இது ரெட்டைக் கட்டில் போர்வை. முடியறதுக்கு மார்ச் ஆகும்" என்றாள் பெர்னீஸ்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. இலவசத் தொகை பழையபடி. கடன் பூஜ்யம். டார்லீன் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். என் சமையலறை ஜன்னலில் அப்போது திரைச்சீலை இல்லை, கடைசி வரி வரை படிக்க முடிந்தது.

அதே வாரம் கத்தரியும் பெர்னீஸின் தபால் பெட்டிக்குள் வந்து கிடந்தது. வெட்டியது யார் என்று கண்டுபிடிக்கப் போவதாக ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். என் வீட்டில் மட்டும் இரண்டு கோப்பை காபி குடித்தாள்.

டெஸ்ஸா நாலு வருஷம் படித்து முடித்து, தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். மறு வருஷம் டார்லீன், பெண்டாட்டியை இழந்த பெர்னீஸின் தம்பியைக் கட்டிக்கொண்டாள். வீட்டை விற்று ஏரிக்கரைக்குக் குடிபோகிற அன்று, வண்டியில் ஏறும் முன் பெர்னீஸைக் கட்டிப்பிடித்து, "இன்னமும் நீங்கதான்னு நினைக்கிறேன், அண்ணி" என்றாள்.

"நினைச்சுக்கோ போ" என்றாள் பெர்னீஸ்.

வண்டி திருப்பத்தைத் தாண்டும் வரை கையசைத்தேன். பிறகு உள்ளே வந்து, ஐந்து வருஷமாக அலமாரிக்குள் கிடந்த திரைச்சீலையை எடுத்துச் சமையலறை ஜன்னலில் மாட்டினேன்.

நல்ல மஞ்சள் துணி. ஓரத்தில்தான், பதினொரு நெளிவுக்கு ஒரு நெளிவு இல்லை.