ஆடிக்கு இன்னும் நாலு நாள்

வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கோகிலவாணி தண்ணீரில் ஆரம்பித்துவிட்டாள்.

"தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வரும்ங்க. மழ பேஞ்சா சாக்கடை உள்ள வந்துடும். பக்கத்து வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து கத்திக்கினே இருப்பாரு."

தண்ணீர் மட்டும் பாதி உண்மை. மற்ற இரண்டும் அவளுடைய கைச்சரக்கு. பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் ஓய்வுபெற்ற வாத்தியார். மோரைத் தவிர எதையும் குடித்தறியாதவர்.

வீடு பார்க்க வந்தவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இடுப்பில் குழந்தை. பெயர் சந்திரலேகா என்றாள். வெள்ளிமலைக்காரி. மூத்தவனின் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்து மூன்று வருஷமாக இதே ஊரில்தான் குடித்தனம்.

காலையிலிருந்து இவள் மூன்றாவது ஆள். முதல் இருவரும் சாக்கடை என்றதுமே வாசலைப் பார்த்தார்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானாலும் ஆனது, வாடகைக்கு றெக்கை முளைத்துவிட்டது. கோகிலவாணி குடியிருக்கும் இந்த வீட்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறாக இருந்ததை ஓனர் தங்கதுரை ஒரே தாவலில் ஏழாயிரம் ஆக்கினார். முடியாதென்றால் ஆனி முடிவதற்குள் காலி. கோகிலவாணியின் புருஷன் சுபாஷ் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். ஏழாயிரத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் காற்றையா குடிப்பது?

ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறந்தாலும், ஆடியில் பால் காய்ச்சி யாரும் வீடு மாற மாட்டார்கள். இன்னும் நாலு நாள் ஒருவரும் முன்பணம் நீட்டி டோக்கன் போடாவிட்டால் போதும். ஒரு மாசம் பூட்டிப்போட மனசு வராமல் ஓனர் ஐயாயிரத்துக்கு இறங்கிவிடுவார்.

அந்த நாலு நாளைத்தான் கோகிலவாணி பொய் சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தாள். நேற்றுச் சாயந்தரம் சுபாஷோடு வெளியே போய்வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

சந்திரலேகா பின்பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மரம் ஒண்ணும் இல்லீங்களா?"

"மரமா? புல்லுகூட மொளைக்காது."

"பரவால்லக்கா. இதையே எடுத்துக்கறோம்."

கோகிலவாணி பின்கதவை இழுத்துச் சாத்தினாள். இத்தனை சொல்லியும் அசையாதவளை என்ன செய்வது?

"இவ்ளோ சொல்றேன், இதுக்கா ஏழாயிரம் குடுப்பீங்க? உங்களுக்கு இன்னா தலையெழுத்து?"

கேட்ட பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. சந்திரலேகாவுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"இன்னாக்கா பண்றது? எங்க ஓனரு ஆறாயிரம் கேட்டாரு. அஞ்சு தரோம்னு கெஞ்சிக்கினு இருந்தோம். அவரும் எறங்கி வந்துக்கினுதான் இருந்தாரு. நேத்து பொழுதோட, நாங்க வூட்ல இல்லாத நேரமா, யாரோ புருசனும் பொண்டாட்டியும் வந்து ஆறுக்கே ஒத்துக்கினு டோக்கன் குடுத்துட்டாங்களாம். ஆடி பொறக்கறதுக்குள்ள எங்கியாவது போயாவணுமே."

குழந்தை தரையில் தவழ்ந்து அடுக்களைப் பக்கம் போனது. இருவருமே அதைப் பிடிக்கவில்லை.

"அதுகூடப் போவுதுக்கா. பின்னாடி நான் வச்ச முருங்க ஒண்ணு நிக்குது, இப்பத்தான் காய்க்குது. அத வெட்டித் தரணும்னு வேற சொன்னாங்களாம்."

கோகிலவாணி அடுக்களைக்குள் போனாள். குழந்தையைத் தூக்கினாள். சொம்பில் தண்ணீர் மொண்டாள். அதை அங்கேயே வைத்துவிட்டுக் குழந்தையோடு திரும்பி வந்தாள்.

"நீங்க இங்க டோக்கன் குடுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. உங்க ஓனருகிட்ட மறுபடியும் அஞ்சுன்னே கேளுங்க."

"ஏங்க்கா?"

சுபாஷிடம் இதை எப்படிச் சொல்வது என்று கோகிலவாணி நினைத்துப் பார்த்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே ஓனர் இறங்காவிட்டால் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்று, நேற்று அந்த முருங்கை மரத்தடியில், கம்பளிப்பூச்சிக்குப் பயந்து சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இத மட்டும் வெட்டிடுங்க, நாங்க வந்துடறோம்" என்று ஐந்நூறு ரூபாயை நீட்டியவள் அவள்தான்.