தலைவரின் சட்டை

தலைவரைச் சுட்ட மறுவாரம் அவருடைய சட்டை என் தையல்கடைக்கு வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அதையே போட்டுக்கொண்டு மேடையேற வேண்டுமாம். குண்டு தோளை உரசிக்கொண்டு போனதாகச் செய்தியில் சொன்னார்கள். சட்டையின் தோளில் ஒன்றுமே இல்லை. இடது மார்பில் ஓர் ஓட்டை, அதற்கு நேராக முதுகில் இன்னொன்று.

"நான்தான் சொன்னேனே, எல்லாம் நாடகம்! ஒரு சொட்டு ரத்தம் இருக்கா பாருங்க. சட்டைய எங்கயோ மாட்டி வச்சுச் சுட்டிருக்காங்க," என்றாள் மனைவி. ஊரே அப்படித்தான் பேசியது. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனால் ஆள் போட்டு நிற்காமல் கிழிசலில் நான் கை வைப்பதில்லை. துணி எந்தப் பக்கம் இழுக்கிறதென்று அப்போதுதான் தெரியும். சட்டையைக் கொண்டுவந்த தலைவரின் உதவியாளரிடம் கறாராகச் சொல்லி அனுப்பினேன். எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தலைவரே வந்துவிட்டார்.

வெறும் உடம்பில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். மனைவி பின்னால் நின்று முதுகுத் துணியை இழுத்துப் பிடித்தாள். நான் முன்னால் குண்டூசி குத்தப் போனேன். ஊசி நழுவி ஓட்டைக்குள் போய்விட்டது.

"ஐயோ, குத்திடுச்சுங்களா ஐயா?"

அவருக்குப் பின்னால், தரையில், ஊசி விழுந்த சத்தம் கேட்டது.

"குத்தலப்பா. நீ வேலையப் பாரு," என்றார்.

மனைவி குனிந்து ஊசியை எடுத்தாள். நிமிரும்போது, ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவள் கண் தெரிந்தது.